மூன்றாம் நம்பர் சிஸ்டம்

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் ரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கும் ஜெஸ்ஸியின் பிரவுசிங் சென்டருக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். ஆகவே நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் பழி போட வேண்டாம். காது சும்மா இருக்காது, கேட்டது.

ஐந்து சிஸ்டம் வைத்திருந்தாள். ரிசல்ட் பார்க்க வரும் பிள்ளைகள், பாஸ்போர்ட் ஃபாரம் நிரப்ப வருகிறவர்கள், தங்கள் ஆர்குட் பாஸ்வேர்டை அவளிடம் வந்து கேட்கும் புத்திசாலிகள் என்று எல்லாரையும் சமாளிப்பாள். இவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வியாதி. சைன் அவுட் செய்யாமல், மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுவார்கள். மறுபடி திறந்தால் அவர்கள் குடும்பக் கதை முழுக்க அப்படியே கிடக்கும். ஒவ்வொருவர் போன பிறகும் ஜெஸ்ஸி போய் அதையெல்லாம் மூடுவாள், ஒரு வரி படிக்க மாட்டாள்.

"அடுத்தவங்க வூட்டுக் கதவு தொறந்து கெடந்தா சாத்திட்டு வரணும், அவ்ளோதான் அண்ணாத்த" என்பாள். நானாக இருந்தால் உள்ளே போய் உட்கார்ந்திருப்பேன்.

அவள் கோவளத்துப் பெண். அம்மா கன்னியம்மா கழனி வேலைக்குப் போய், பிறகு ஓட்டலில் பாத்திரம் தேய்த்து அவளைப் படிக்க வைத்தாள். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் என்பதால் மனு அடிக்க ஜெஸ்ஸியிடம்தான் எல்லாரும் வருவார்கள். 2008 ஜூன் மாதம் சியாமளாவும் அப்படித்தான் வந்தாள்.

சியாமளாவுக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. குடும்பமே கடலோரத்தில் இருந்த ஒரு ஆசிரமத்தின் பக்தர்கள். ஞாயிற்றுக்கிழமை சேவைக்குப் போன பெண்ணைத் தனி அறைக்குக் கூப்பிட்டு, ஆசீர்வாதம் என்ற பேரில் சாமி கை வைத்திருக்கிறார். போலீஸுக்குப் புகார் எழுத வேண்டும். அவள் அழுத இடத்திலெல்லாம் டைப் அடிக்கும் சத்தம் நின்றது, அழுது முடித்ததும் தொடர்ந்தது.

ஒரே வாரத்தில் இணையத்தில் அந்தச் சாமியின் பக்தர் குழுவில் 'தர்மக்காவலன்' என்று ஒருத்தர் எழுதினார். புகாரை அடித்துக் கொடுத்ததே ஊரப்பாக்கத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணாம், எல்லாம் மதம் மாற்றும் கும்பலின் சதியாம். அவ்வளவுதான், கீழே நானூறு பதில்கள். சியாமளாவின் போட்டோ, ஆபீஸ் பேர் எல்லாம் வந்துவிட்டது. கிறிஸ்தவர்கள் குழு ஒன்றில் இவர்களுடைய சாமியார்களே இப்படித்தான் என்று கும்மாளம். ஜெஸ்ஸியின் சபையிலிருந்தே இரண்டு பேர் வந்து, "நல்லா குடுத்தம்மா அவங்களுக்கு" என்று கை கொடுக்க, அவள் கையை நீட்டவில்லை. நடுவில் ஒரு பெண் இருக்கிறாள் என்ற நினைப்பு இரண்டு பக்கத்திலும் யாருக்கும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு மிஷினில் பேப்பர் சிக்கியதுகூடத் தெரியவில்லை.

வியாழக்கிழமை செங்கல்பட்டு கோர்ட்டில் சியாமளா வாக்குமூலம் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை வந்து, "வாபஸ் வாங்கிடறேன் ஜெஸ்ஸி" என்றாள். "அப்பா ரெண்டு நாளா சாப்பிடல. போலீஸுக்கு முன்னாடியே ஆசிரமத்து மனுப்பெட்டியில லெட்டர் எழுதிப் போட்டேன். அப்படி ஒண்ணு வரவே இல்லைங்கறாங்க. என்கிட்ட வேற என்ன சாட்சி இருக்கு?"

"புதன்கெழம சாயங்காலம் வா. அதுவரைக்கும் ஒண்ணும் முடிவு பண்ணாத" என்றாள் ஜெஸ்ஸி. அவள் கையிலும் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை திருநாவுக்கரசு சார் வந்தார். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், மனைவியை இழந்தவர். தினமும் பதினொரு மணிக்கு மூன்றாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்து அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு மெயில் போடுவார். சியாமளா புகார் சொன்ன அன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் போன பிறகு மூடப் போன ஜெஸ்ஸி நின்றபடியே நின்றாள். எட்டிப் பார்த்தேன். திரையில் தர்மக்காவலன், பாதி எழுதிய அடுத்த வசவோடு.

"பிரிண்ட் எடு. ஸ்டேஷன் சுவரெல்லாம் ஒட்டுறேன்" என்றேன். அவள் சைன் அவுட் செய்தாள்.

மறுநாள் அவர் வந்ததும், "சார், நேத்து நீங்க சைன் அவுட் பண்ணல. நான் பண்ணிட்டேன்" என்றாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. அவர், "என் சம்சாரம் போனப்போ நான் பைத்தியக்காரனா திரிஞ்சேன். அந்த ஆசிரமந்தாம்மா என்னை மனுஷனாக்குச்சு" என்றார்.

"புரியுது சார். எனக்குப் பதினாறு வயசுல எங்க சபை பாஸ்டர் ஜெபம் பண்றேன்னு கதவ சாத்துனாரு. எங்கம்மா இன்னா சொல்லுச்சு தெரியுமா? வெளிய தெரிஞ்சா மத்தவங்க நம்ம சபையப் பாத்து சிரிப்பாங்க, வாய மூடுன்னுச்சு. பதினாலு வருசமா மூடிகினு கீறேன். இப்பவும் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறேன். ஏசப்பா மேல எனக்குக் கோவம் இல்ல. நான் எதுக்கு சார் உங்க சாமிய கவுக்கணும்? எனக்கு வராத தைரியம் அந்தப் பொண்ணுக்கு வந்துது. அதான் டைப் அடிச்சேன்."

ஆறு வருஷம் பக்கத்துக் கடைக்காரன். எனக்கே இது தெரியாது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

சார் சிஸ்டத்தைத் தொடாமல் போய்விட்டார். நாலு மணிக்கு என் கடைக்கு வந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை நீட்டி, "ரெண்டு காப்பி" என்றார். நான் ஜெஸ்ஸி இல்லை, படித்துவிட்டேன். சியாமளாவின் கையெழுத்து. ஆசிரமத்துக்கு எழுதிய கடிதம். தேதி மார்ச் ஒன்பது. மேலே 'பெறப்பட்டது' என்ற ஆசிரம முத்திரை, பக்கத்தில் சாரின் இனிஷியல்.

"சனிக்கிழமையில மனுப்பெட்டியைத் திறந்து பிரிக்கிறது நான்தான். கிழிச்சுப் போட மனசு வரல. மேல குடுக்கவும் வரல. வீட்டுல சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தேன்" என்றார். "மார்ச்ல அந்தப் பொண்ணுக்கு ஜெஸ்ஸின்னா யாருன்னே தெரியாது."

பிறகு மூன்றாம் நம்பரில் போய் உட்கார்ந்து, இரண்டு விரலால் ஒரு மணி நேரம் அடித்தார். எழுந்து போகும்போது ஜெஸ்ஸி வழக்கம்போல மூட வந்தாள்.

"இன்னிக்கு மூடாதம்மா. அந்தப் பொண்ணு வந்து பார்க்கட்டும்."

ஆறு மணிக்குச் சியாமளா பார்த்தாள். 'தர்மக்காவலன் என்ற பெயரில் எழுதியவன் நான். என் பெயர் திருநாவுக்கரசு. அந்தப் பெண் மார்ச்சிலேயே எழுதிய கடிதத்தை மறைத்தவனும் நான்தான். நாளை அதை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போகிறேன்.' கீழே அவருக்கும் வசவு தொடங்கியிருந்தது. சியாமளா மேலே இருந்ததை இரண்டு தடவை படித்தாள்.

"நாளைக்கு எத்தனை மணி ட்ரெயின்?" என்றாள்.

"எட்டேகாலுக்கு ஒண்ணு கீது. நானும் வர்றேன்" என்றாள் ஜெஸ்ஸி.

மூன்று பேரும் போனார்கள். இரண்டு கடையையும் நானே பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் ஜெஸ்ஸி மட்டும் திரும்பி வந்தாள். சியாமளா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கடிதத்தையும் வாங்கிக்கொண்டார்கள். கேஸ் முடிய வருஷம் ஆகும் என்று வக்கீல் சொன்னாராம்.

பிறகு அவள் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தாள். டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. கஸ்டமர் யாரும் இல்லை.

"யாருக்கு மனு?" என்று தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"எனக்குத்தான் அண்ணாத்த."

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தொடர்ந்தது. நான் மிஷினை அணைத்துவிட்டு, கடையை விட்டு இறங்கி, சத்தம் கேட்காத தூரத்துக்குப் போய் டீ குடித்தேன்.