உள்பக்கமாய்ப் போட்ட திமிங்கலம்

திமிங்கலத்தை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எட்டு வயதில் சில வாரங்கள் அதை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. உலகத்தில் எவன் எதைச் சட்டையில் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டாலும் அது முதலில் திருப்பூர்ப் பிள்ளைகளின் முதுகிலோ வயிற்றிலோ ஏறி இறங்கிவிட்டுத்தான் கப்பலுக்குப் போகும்.

அப்பா அப்போது அனுப்பர்பாளையத்தில் நான்கு டேபிள் போட்டுச் சின்னதாக ஒரு பிரிண்டிங் பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். பனியன் கம்பெனிகள் வெட்டிய துணியை அனுப்பும். அவர் படம் அடித்துத் திருப்பி அனுப்புவார். பூ, பட்டாம்பூச்சி, எழுத்துப் பிழையோடு ஆங்கில வாசகம் என்று எல்லாம் உள்ளூர்ச் சரக்கு. அந்த வருடம்தான் முதன்முறையாக ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி அவரை நம்பி ஆர்டர் கொடுத்தது. கடல் தாண்டி ஏதோ ஒரு மாநகரத்தில் இருக்கும் அறிவியல் அருங்காட்சியகத்துக்கான குழந்தைகள் டி-ஷர்ட். அங்கே அடுத்த சீசனில் வரப்போகும் கண்காட்சிகளும் படங்களும் சட்டையில் வரவேண்டும்.

மூன்று டிசைன். ஒன்று, கூரையிலிருந்து தொங்கவிடப்போகும் திமிங்கலத்தின் எலும்புக்கூடு. இரண்டு, எறும்புப் புற்றைக் குறுக்கே வெட்டிக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டப்போகும் எறும்பு ராஜ்ஜியம். மூன்றாவது, நிலாவுக்குப் போய்வரும் சினிமா. அதற்குத் திரையே கிடையாதாம். கவிழ்த்த குண்டா மாதிரியான கூரை முழுக்கப் படம் ஓடுமாம், படுத்துக்கொண்டே பார்க்கலாமாம். அப்பா சொல்லக் கேட்டதிலிருந்து நான் தரையில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்தபடியே பலமுறை நிலாவுக்குப் போய்வந்தேன்.

மூன்று படத்துக்கும் கீழே ‘விரைவில் வருகிறது’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. எங்கே என்று போடவில்லை. எனக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. எங்கள் ஊர்ச் சுவர்களில் ‘விரைவில்’ என்று ஒட்டிய படமெல்லாம் ஒழுங்காக எங்கள் ஊர் தியேட்டருக்குத்தானே வந்தது!

திமிங்கலச் சட்டை என்னிடம் வந்த கதை வேறு. ஒரு பிரிண்ட் துணியில் நிற்குமா, வெடித்து உதிருமா என்று அறிய அப்பாவிடம் இருந்த ஒரே ஆய்வுக்கூடம் நான்தான். மாதிரிக்குத் தைத்த சட்டையை எனக்குப் போட்டுவிடுவார். நான் உருண்டு புரண்டு சாம்பார் சிந்த வேண்டும், அம்மா அடித்துத் துவைக்க வேண்டும், அதன்பிறகு அப்பா நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். இந்த முறை மட்டும் கம்பெனியிலிருந்து கூடவே ஒரு கண்டிப்பும் வந்தது. அந்த ஊரில் கண்காட்சி திறக்கும்வரை படம் ஒருவர் கண்ணிலும் படக்கூடாதாம். பட்டுவிட்டால் ஆர்டரே கேன்சலாம்.

“ஊட்டுக்குள்ள மட்டும் போட்டுக்கோணும் கண்ணு. வாசப்படி தாண்டுனா திமிங்கலம் வெளிய தெரியவே கூடாது,” என்றார்.

நானோ, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. லோடு ஆட்டோ ஓட்டினார்; ஊரிலிருக்கும் பாதிக் கம்பெனிகளுக்குப் பண்டல் ஏற்றி இறக்குவது அவர்தான். திருமுருகன்பூண்டியில் ஏதோ பட்டறையில் பெரிய கல் யானை செதுக்குகிறார்கள், காட்டுகிறேன் வா என்று பலநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு வாசலில் நின்று ஹார்னை அடித்துத் தெருவையே கூட்டினார். என் கவுன்களெல்லாம் கொடியில் ஈரமாகத் தொங்கின. சட்டையை மாற்ற நேரமில்லை. யோசித்தேன். திமிங்கலம் வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதானே? கழற்றி, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

“ஏங்கண்ணு, சட்டையத் திருப்பிப் போட்டிருக்கறே?”

“ரகசியமுங்க மாமா.”

“சரி சரி, இப்ப அதுதான் ஸ்டைலாட்டம் இருக்குது,” என்று வண்டியை எடுத்தார்.

யானை நிஜமாகவே பெரிது. திமிங்கலம் இதைவிடப் பெரிதா என்று அளந்து பார்க்க அதன் தும்பிக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா புதிதாக வாங்கிய போனில் பின்னாலிருந்து கூப்பிட்டார். முகத்தை மட்டும் திருப்பிச் சிரித்தேன். அந்தப் படத்தை அவர் அங்கேயே வாட்ஸ்அப்பில் டிபியாக வைத்துக்கொண்டார். அவர் நம்பர் யார் யாரிடம் இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் அத்தனை பேரிடமும் இருந்தது.

இரண்டொரு நாளில் அப்பா நடுமத்தியானத்தில் வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. கையிலிருந்த மையைக்கூடக் கழுவாமல் தரையில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க, என்னாச்சுங்க?”

“கம்பெனில ஆர்டரப் பாத்துக்கற மெர்ச்சன்டைசர் மேடம் போன் பண்ணாங்க. உன்ர தம்பி போன்ல நம்ம பாப்பா திமிங்கலச் சட்டையோட நிக்குதாம். மியூசியம் பேரு போட்ட கழுத்து லேபிளு பளிச்சுனு தெரியுதாம். நாளைக்குச் சட்டையோட பாப்பாளையும் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க.”

“அடக் கெரகமே!” என்று அம்மா தலையில் கைவைத்தாள். திட்டு வாங்க வேண்டியவன் தன் தம்பியாகவும் இருந்ததால் திட்டை அதோடு நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் மாமா மூச்சிரைக்க வந்தார். “அழிச்சுப் போட்டேனுங்க மச்சான்! டிபியும் இல்ல, போட்டோவும் இல்ல, தடயமே இல்லீங்க!”

“அவுங்க போன்ல எடுத்து வெச்சிருக்கறத யாரு மாப்ள அழிக்கறது?” என்றார் அப்பா. அவர் சத்தம் போட்டிருந்தால்கூட மாமாவுக்குத் தேவலாமென்று இருந்திருக்கும். இந்த ஆர்டர் போனால் இனி எந்த எக்ஸ்போர்ட்காரனும் அப்பாவின் பட்டறைப் படி ஏறமாட்டான். அந்தப் பேச்சு ஒருமுறை ஊருக்குள் பரவினால் உள்ளூர்க்காரனும் யோசிப்பான். டேபிள்களை விற்றுவிட்டு வேறு எவன் பட்டறையிலாவது சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான். இதையெல்லாம் அவர்கள் பேசிக்கொள்ள நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். “பெரியவங்க பேசறப்ப குறுக்க வராத,” என்று அம்மா அடக்கினாள். சட்டையை நான் எப்படிப் போட்டுக்கொண்டு போனேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. துவைப்பதற்குச் சட்டையை எப்போதும் உள்பக்கம் திருப்பித்தான் போடுவோம், பிரிண்ட் கெடாமலிருக்க. அழுக்குக் கூடையில் அது அப்படிக் கிடந்ததில் அவளுக்கு என்ன சந்தேகம் வரும்?

மறுநாள் கம்பெனி ஆபீஸ். பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்பதில் எனக்கு ஒரே குஷி. ஏசி அறையில் முதலாளியும் மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தும் அப்பா உட்காரவில்லை. அம்மா இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்த சட்டை ஒரு மஞ்சள் பையில் இருந்தது.

“நம்பித்தானே சாம்பிள் கொடுத்தோம்? ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார் மேடம். கோயமுத்தூரிலிருந்து வருகிறவர். கோபத்திலும் அழகாக இருந்தார்.

“தப்பு எம்பேர்லதானுங்க மேடம். புள்ளைக்குப் போட்டுவிட்டது நானுங்க. பாவம், மாப்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இந்த ஒரு தடவை…” அப்பா மஞ்சள் பையை மேசைமேல் வைத்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்தார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். “பயப்படாம சொல்லு பாப்பா. அன்னைக்கு உன் சட்டைல இருக்கிற திமிங்கலத்தை யாரெல்லாம் பார்த்தாங்க?”

கடைசியில் ஒருவர் கேட்டேவிட்டார்!

“யாருமே பாக்கலீங்க. அப்பா வெளிய தெரியக் கூடாதுன்னு சொல்லியிருந்தாருங்க. அதனால திருப்பிப் போட்டுக்கிட்டேனுங்க. திமிங்கலம் உள்ளதானுங்க இருந்துச்சு. கிச்சுக்கிச்சு மூட்டிக்கிட்டே இருந்துச்சுங்க.”

மேடம் போனை எடுத்து விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். என் முதுகில் லேபிள் இருந்தது. தோளில் உள்தையலின் ஓவர்லாக் நூல் முழுசும் வெளியே தெரிந்தது. காலையிலிருந்து ராத்திரிவரை தையலையே பார்க்கிற ஆட்கள்! அருங்காட்சியகத்தின் பெயரைப் பார்த்த பதற்றத்தில், கழுத்துக்குள் இருக்கவேண்டிய லேபிள் வெளியே ஏன் வந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேடம்தான் முதலில் சிரித்தார். அப்புறம் முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். “மியூசியம் பேரு தெரிஞ்சா ஒண்ணுமில்ல. என்ன வரப்போகுதுங்கறதுதான் தெரியக் கூடாது,” என்று மேடம் அப்பாவிடம் சொன்னார். “இனிமே சாம்பிள் வீட்டுக்குப் போகக் கூடாதுங்க. போங்க, போய் மொத்த ஆர்டரையும் பல்க்கா ஓட்டுங்க.” என் கன்னத்தைத் தட்டி, “அங்க திறந்ததும் உனக்கு ஒரு புதுச் சட்டை தரச் சொல்றேன். அதை நேராவே போட்டுக்கலாம்,” என்றார்.

அப்பா கும்பிட்டார். சிரிக்க மட்டும் மறந்துவிட்டார்.

திரும்பும் வழியில் மொபெட்டை ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தி எனக்குத் தேங்காய் பன்னும் தனக்கு ஒரு டீயும் சொன்னார். நான் பன்னைப் பிய்த்துத் தின்றபடி எதிரிலிருந்த ரயில்வே பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய எலும்புக்கூட்டை லாரியில் நிமிர்த்தி வைத்தால் பாலம் இடிக்கும். படுக்கவைத்துத்தான் ஊருக்குள் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஒரே கவலை.

“திமிங்கலம் எப்பங்கப்பா வரும்?”

“வரும் கண்ணு. இனி வரும்,” என்றார் அப்பா. மை படிந்த விரல்களால் டம்ளரை வாய்வரைக்கும் கொண்டுபோய், குடிக்காமலே திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டிருந்தார்.

சூடு தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, டம்ளரை நான் வாங்கி ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தேன்.