அம்சம் வேண்டாமென்று சொன்ன வீடு

தலைமை நர்சாக அம்சம் ஓய்வு பெற்றபோது அவளுக்கென்று சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லை. திருப்பனந்தாளுக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவள் அப்பா மருதையன் பண்ணை வேலை பார்த்தவர். குடிசை நின்ற மண்ணும் பண்ணையாருடையதுதான். அம்சம் படித்து நர்சானாள். மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் அரசுக் குடியிருப்பு கிடைத்தது. கண்டக்டராக இருந்த கணவர் மாரடைப்பில் போய்விட்டார். மகன் பரிதி பெங்களூரில் இருந்தான்.

"எங்கூட வந்துடும்மா" என்றான்.

"அங்க நான் யார்கூடடா பேசுவேன்?" என்று கேட்டாள் அம்சம்.

பேசுவதற்கு அவளுக்குத் தஞ்சாவூரில் ஷம்சாத் இருந்தாள். ஒரே வார்டில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து, ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்றவர்கள். ஷம்சாத்துக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை, பிள்ளையும் இல்லை. ரிட்டயர் ஆனதும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு வாங்கிக்கொள்வது என்று அவர்கள் எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்கூட்டியில் வீடு பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அம்சம் குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்பாள். ஷம்சாத் சமையலறையில் நின்று காற்று வருகிறதா என்று பார்ப்பாள். தண்ணீர் விஷயத்தில் அம்சம் சொல்வதே தீர்ப்பு.

வீடு பிடிப்பதும் பிடிக்காததும் அவர்கள் கையில் மட்டும் இருக்கவில்லை. "சொந்த ஊரு எது? ஊர்ல எந்தத் தெரு?" என்று அம்சத்திடம் கேட்டவர்கள், பதில் வந்த பிறகு போனை எடுக்கவில்லை. ஷம்சாத்தின் பெயரைக் கேட்டதுமே, "நாங்க சைவக்காரங்களுக்குத்தான் குடுக்கறதா இருக்கோம்" என்றார் ஒருவர். அன்றைக்கு இருவரும் நேராகப் புதாற்றுக் கரைக்குப் போய் மீன் வறுவல் வாங்கித் தின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

அந்த வருஷம்தான் நிலோஃபர் வந்தாள். ஷம்சாத்தின் பெரியம்மா மகள். பினாங்கில் வாழ்ந்து, கணவர் இறந்த பிறகு இனி ஊரிலேயே இருந்துவிடுவது என்று திரும்பியவள். ஷம்சாத்தின் வாடகை வீட்டில்தான் தங்கினாள். லாத்தா, லாத்தா என்று ஷம்சாத் அந்த அக்காவையே சுற்றி வந்தாள்.

நிலோஃபர் கெட்டவளில்லை. அதுதான் அம்சத்துக்குச் சங்கடமாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. போனால் டீ போட்டுத் தருவாள், அம்சத்தின் முழங்கால் வலியை விசாரிப்பாள். ஒருநாள் அடுப்படியிலிருந்து, "சின்னக் குருவி, ஏலக்காய் எங்க வச்ச?" என்று கூப்பிட்டாள். ஷம்சாத் எழுந்து போனாள்.

"அது என்ன பேரு?" என்று அம்சம் கேட்டாள்.

"சின்ன வயசுல எங்க வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றாள் ஷம்சாத், வெகு சாதாரணமாக.

அம்சம் டீயைக் கீழே வைத்தாள். ஷம்சாத்துக்குக் கர்ப்பம் கலைந்தபோது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். அவளுக்குத் தெரியாத பெயரா?

சம்பா அறுப்பு முடிந்த சமயம், புரோக்கர் தியாகராசன் போன் செய்தார். "சிஸ்டர், ஒரத்தநாட்டு ரோட்ல ரெட்டை வீடு ஒண்ணு இருக்கு. வந்து பாருங்க."

பரணிதரன் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் இரண்டு மகள்களுக்காகக் கட்டியது. மகள்கள் கனடாவிலேயே தங்கிவிட்டார்கள். நடுவில் ஒரே பொதுச்சுவர், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடு, பின்னால் வயல். அம்சம் குழாயைத் திறந்து குடித்தாள். இளநீர் மாதிரி இருந்தது. பரணிதரன் ஊரும் கேட்கவில்லை, தெருவும் கேட்கவில்லை. "மாடிப்படி கொஞ்சம் உசரம். கைப்பிடி வேணா வச்சுத் தரேம்மா" என்று மட்டும் சொன்னார். அம்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் ஷம்சாத்தை வரச் சொன்னாள். ஷம்சாத், நிலோஃபரையும் கூட்டி வந்தாள்.

நிலோஃபர் அறை அறையாகப் போனாள். "சின்னக் குருவி, இது நம்ம ரெண்டு பேருக்கும் போதும். இந்த ரூம் உனக்கு, அது எனக்கு. அம்சம் அந்தப் பக்கம் இருந்துக்கட்டும். சுவத்தத் தட்டினா வந்துடுவாங்கல்ல?" என்றாள். ஷம்சாத் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். காலி வீட்டில் அந்தச் சிரிப்பு நன்றாக எதிரொலித்தது. அம்சம் மற்ற வீட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பு சுவரைத் தாண்டி வந்தது. என்ன சொன்னார்கள் என்பது மட்டும் கேட்கவில்லை.

இனி ஆயுசுக்கும் இப்படித்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து ஷம்சாத்திடம் சொன்னாள்: "அந்த வீடு வேண்டாம். பக்கத்துல விசாரிச்சேன். சித்திரை வந்தா போர்ல தண்ணி இறங்கிடுதாம். லாரித் தண்ணிதானாம்."

"அப்படியா? நல்லவேளை கேட்ட" என்றாள் ஷம்சாத். மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இந்தச் சந்தடி ஓய்ந்தால் பழையபடி ஞாயிற்றுக்கிழமைகள் வரும் என்று அம்சம் எண்ணியிருந்தாள். வரவில்லை. நிலோஃபருக்குத் தெரிந்தவர்கள் மூலம் மயிலாடுதுறையில் ஒரு வீடு அமைந்தது. ஷம்சாத் முன்பணம் கொடுத்துவிட்டு வந்துதான் சொன்னாள். "நீயும் அங்கயே பாரேன்" என்றாள். "பாக்கலாம்" என்றாள் அம்சம்.

வீடு மாறுவதற்கு முந்தின வாரம் ஷம்சாத் கடைத்தெருவில் தியாகராசனைப் பார்த்திருக்கிறாள். அன்று மாலையே அம்சத்தின் வாசலில் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"அங்க தண்ணிக்கு ஒரு குறையும் இல்லையாமே. கோடையிலயும் வத்தினதே இல்லன்னு தியாகராசன் சொல்றாரு. யார் அம்சா உனக்குச் சொன்னது?"

அம்சம் மழுப்பப் பார்த்தாள். முடியவில்லை. "யாரும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் சிரிச்சுக்கிட்டிருப்பீங்க. நான் இந்தப் பக்கம் உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கணுமா?"

ஷம்சாத் அவளையே பார்த்தாள். "கூப்பிட்டா வந்திருக்க மாட்டியா நீ?"

"கூப்பிட்டாத்தானே வரணும்? முன்னல்லாம் நீ கூப்பிட்டதனாலயா நான் வந்தேன்?"

ஷம்சாத்துக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "நமக்கு வீடு குடுக்க ஆளில்லாம அலைஞ்சோம். ஒரு மனுஷன் ஒண்ணும் கேக்காம குடுத்தாரு. அதப் போய்க் கெடுத்துட்டியேடி" என்றாள். பிறகு போய்விட்டாள். சாமான் ஏற்றிய அன்று அம்சம் போகவில்லை, ஷம்சாத் கூப்பிடவும் இல்லை.

ரெட்டை வீட்டில் ஒன்றை, ஒரு வங்கி ஊழியர் குடும்பம் வாங்கிவிட்டது. மற்றதை அம்சம் வாங்கினாள். பொய் சொல்லித் தட்டிவிட்ட வீட்டிலேயே போய்க் குடியேறுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட நல்ல வீட்டை அவள் பார்த்ததில்லை. பரிதி வந்து பால் காய்ச்சினான். பத்திரத்தில் தன் பெயரைப் பார்த்தபோது அப்பாவை நினைத்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல, பக்கத்தில் இருக்க வேண்டியவள் இல்லை.

ஆடியில் ஷம்சாத்தே போன் செய்தாள். கண்ணில் புரை. தஞ்சாவூரில் ஆபரேஷன். "உன் வீட்ல தங்கிக்கலாமா?" என்று கேட்டாள். அம்சம் வாங்கியது எந்த வீடு என்று தியாகராசன் மூலம் அவளுக்குத் தெரிந்திருந்தது; அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"வா" என்றாள் அம்சம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்சம் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள், காரம் குறைத்துச் சமைத்தாள். ஷம்சாத் கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு, பழைய வார்டுக் கதைகளை எடுத்தாள். இருவரும் சிரித்தார்கள்.

நிலோஃபரிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. சாப்பிட்டாளா, தூங்கினாளா, எப்போது அனுப்புவீர்கள். ஷம்சாத் தூங்கும்போது வந்த போனை அம்சம் எடுத்தாள்.

"இங்க வந்தும் மருந்து விட்டுக்கலாமே அம்சம்? நானும் பாத்துக்குவேனே" என்றாள் நிலோஃபர். குரல் லேசாகக் கம்மியிருந்தது. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று அம்சத்துக்கு விளக்க வேண்டியதில்லை. அவளுக்குக் கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது. அப்புறம் அந்த இனிப்பு நிற்கவில்லை.

"நீங்களும் வாங்கக்கா. ரூம் இருக்கு" என்றாள். வாயிலிருந்து வந்துவிட்டது. உடனே சேர்த்துக்கொண்டாள்: "அவசரமில்ல. மெதுவா வாங்க."

மறுநாள் காலை முதல் ரயிலிலேயே நிலோஃபர் வந்து இறங்கிவிட்டாள். அம்சம் இன்னொரு பால் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போனாள். போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.