பைக்குள் இருந்த நீலச் சாரம்

பை அடுக்குவதில் என்னை மிஞ்ச எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தின் பன்னிரண்டு வீடுகளிலும் ஆள் கிடையாது. பதுளைப் பக்கத்து மலையில் குடியிருந்தால் அதைப் பழகித்தான் ஆகவேண்டும். ஐப்பசி மழையில் மண் எப்போது சரியும் என்று யாருக்குத் தெரியும்? கீழே பள்ளிக்கூடத்துக்கு ஓடச் சொன்னால் தூக்கிக்கொண்டு ஓட, அலுமாரி மேல் ஒரு பை எந்நேரமும் தயாராக இருக்கும். உடுப்பை மடிக்கவே கூடாது, இறுக்கிச் சுருட்ட வேண்டும். ஸ்வெட்டர் அடியில், அவர் இடுப்பில் கட்டும் சாரத்துக்குள் சட்டை, நடுவில் பொலித்தீன் சுற்றிய அடையாள அட்டைகள். மூன்று பேர் உடுப்பும் ஒரே பையில் அடங்கிவிடும்.

"விட்டா என்னையும் சுருட்டி உள்ள வச்சிருவ போல" என்பார் என் வீட்டுக்காரர்.

மாசியில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. கருமாதி முடிந்ததும் அவருடைய உடுப்புகளையெல்லாம் கொடுத்துவிட்டோம். முந்தின மழைக்குக் கட்டிவைத்த பை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் கோயில் ஒலிபெருக்கியில் எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். மகளையும் பையையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவளுக்கு மாற்றுடுப்பு எடுக்க ஸிப்பைத் திறந்தால், மேலேயே அவருடைய நீலச் சாரம். நான் சுருட்டியது சுருட்டியபடி இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறென்ன சொல்ல?

அந்த நேரம் பக்கத்து வீட்டு அண்ணன் தொப்பலாக நனைந்து வந்தார். என் வீட்டுக்காரரை நெஞ்சுவலி வந்த அன்றைக்கு ரோடு வரை முதுகில் சுமந்தவர் அவர்தான். இப்போதும் நடக்கமுடியாத ஒரு கிழவியைத் தூக்கி வந்ததில், அவர் வீட்டுப் பை மேலே லயத்திலேயே கிடந்துவிட்டது.

"தங்கச்சி, ஆம்பள உடுப்பு ஏதாச்சும் இருக்கா? இவரு நடுங்குறாரு" என்றார் அவர் மனைவி.

"இல்லங்கக்கா" என்றேன். ஸிப்பை இழுத்து மூடினேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

யாரோ கொடுத்த பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு அவர் பிள்ளைகள் உட்காரும் வாங்கில் உட்கார்ந்திருந்தார். சிலர் சிரித்தார்கள். அவரும் பல் தந்தியடிக்கச் சிரித்தார். சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது. ஆனாலும் கை ஸிப்புக்குப் போகவில்லை.

விடிந்ததும் வெட்கத்தை விட்டு, சாரத்தை அவரிடம் நீட்டினேன்.

"வேணாந் தங்கச்சி, வச்சுக்க. நேத்தே பையில பாத்தேன். அதான் நான் வாயத் தொறக்கல" என்றார்.

சாரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கையில் எடுத்தால் என் வீட்டுக்காரர் முகம் வருவதில்லை. சேலைக்குள் நடுங்கிய அந்த அண்ணன்தான் வருகிறார்.