முகம் தெரியாத படம்

2006 என்று நினைக்கிறேன். ஆடிக் கிருத்திகை அன்று, திருத்தணி மலைமேல் நடந்தது இது. எங்களுக்கு ஊர் அம்மையார்குப்பம். வீட்டில் இரண்டு பவர்லூம் ஓடுகிறது. இரண்டரை வயது மகளுக்கு முதல் மொட்டை போட, பொழுது விடிந்ததும் மலையேறிவிட்டோம்.

என் கணவர் அந்த மாதம்தான் கலர் ஸ்கிரீன் வைத்த கேமரா போன் வாங்கியிருந்தார். அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் ஒரு கர்ச்சீப். யாராவது கூப்பிட்டால் கர்ச்சீப்பைப் பிரிப்பதற்குள் மணி நின்றுவிடும். தறி, ஆட்டுக்குட்டி, கொதிக்கிற ரசம் என்று ஒன்றையும் விடாமல் படம் எடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மகளுக்குப் பாதித் தலை வழித்திருந்தபோதும் பின்னால் நின்று ஒன்று எடுத்தார். முகமே இல்லை, குனிந்த தலை மட்டும்தான். "இது ஒரு போட்டோவா? அழிங்க மொதல்ல" என்று கத்தினேன். அழிக்கத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார்.

குழந்தையைக் குளிப்பாட்டி, மஞ்சள் பாவாடை சட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசினேன். அவர் தேங்காய் வாங்கப் போனார். அப்போது பம்பை அடித்துக்கொண்டு ஒரு காவடிக் கூட்டம் வந்தது. "அரோகரா" என்று என்னை மறந்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். கையை இறக்கிப் பார்த்தால் பக்கத்தில் பிள்ளை இல்லை.

கத்திக்கொண்டே அந்த இடத்தை இரண்டு சுற்று சுற்றினேன். பிறகு மைக் வைத்திருந்தவரிடம் ஓடினேன். "சிவப்பு கவுனு, தோள் வரைக்கும் சுருட்டை முடிங்க" என்றேன். அவரும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்டுத் தலைதெறிக்க ஓடி வந்தார் என் கணவர்.

"இன்னாமே சொல்லிக்கினு இருக்கே? கொழந்தைக்குத்தான் மொட்டை போட்டாச்சே!"

அப்படியே நின்றுவிட்டேன். சிவப்பு கவுன் என் கையிலிருந்த பையில் ஈரமாகக் கிடந்தது. அதுவரை நான் தேடியதும் அந்தச் சுருட்டை முடியைத்தான். சுற்றிப் பார்த்தேன். எங்கே திரும்பினாலும் மொட்டை, எல்லா மொட்டையிலும் சந்தனம். பாதிக் குழந்தைகளுக்கு மஞ்சள் துணி. இதில் என் பிள்ளை எது? முருகா, என் வயிற்றில் பிறந்ததை எனக்கே அடையாளம் தெரியவில்லையே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒருவேளை மொட்டை போட்ட இடத்துக்குத் திரும்பப் போயிருக்குமோ என்று இருவரும் அங்கே ஓடினோம். அவர் போனை நீட்டி எல்லோரிடமும் காட்டினார். அந்த வெயிலில், தீப்பெட்டி அளவு ஸ்கிரீனில், யாருக்கு என்ன தெரியும்? தெரிந்த படங்களிலும் முடியோடுதான் இருந்தாள். மொட்டை போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு போனை வாங்கினார். உள்ளங்கையால் வெயிலை மறைத்து, பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். முகம் தெரிகிற படங்களையெல்லாம் தள்ளிவிட்டு, நான் அழிக்கச் சொன்ன படத்தில் நிறுத்தினார்.

"ஆங்... இது நான் வழிச்ச தலைதாம்மா. ரெட்டைச் சுழி. ஒண்ணு காதாண்ட எறங்கிக்கினு இருக்குது பாரு. வா."

அவர் முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால் ஓடினோம். ஒரு குழந்தையின் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. தலைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு போனார். பந்தலுக்கு அடியில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஏழெட்டு மொட்டைப் பிள்ளைகள். எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒரு தலைமேல் கையை வைத்து, சந்தனத்தை விரலால் துடைத்துச் சுழியைப் பார்த்தார். "இதாம்மா" என்றார்.

திரும்பியது என் மகள். வாய் நிறையப் புளிச்சோறு! அந்த வீட்டு அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யய்யோ, எங்க அக்கா பேத்தின்னு நெனச்சு ஊட்டினேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அக்காவோ அது தங்கையின் பேத்தி என்று நினைத்திருந்தாராம். நான் அழுது சுற்றியபோது அந்தப் பந்தலை இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன்.

மகளை வாரி எடுத்துக்கொண்டு, மொட்டை போட்டவரிடம் திரும்பினேன். அந்த ஜனக் கடலில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "நாள் முச்சூடும் குனிஞ்ச தலைதானம்மா பாக்கறேன், மூஞ்சிய எங்க பாக்கறேன்?" என்று சொல்லிவிட்டு, பாதி மொட்டையோடு ஒருவர் காத்திருக்கிறார் என்று ஓடியே போய்விட்டார். கையெடுத்துக் கும்பிடக்கூட நேரம் தரவில்லை.

அடுத்த வருஷம் அவருக்கென்று ஒரு வேட்டி எடுத்துக்கொண்டு போனேன். வரிசையாக உட்கார்ந்து மும்முரமாக வழித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனேன். இவரா, அவரா? தெரியவில்லை. என் மகளைத் திருப்பிக் கொடுத்த மனிதரின் முகத்தை நான் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேட்டியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து, எனக்கு யார் என்ன வேலை செய்து கொடுத்தாலும், ஒரு நிமிஷம் நின்று அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நகர்கிறேன்.