இளவேனிலுக்கு விலாவில் பிடித்த கதை

ஓடுகிற பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், உடனே பிள்ளை உண்டாகிவிட்டாள் என்று மாதக்கணக்கா போடுவார்கள்? எதிர்வீட்டுச் சொர்ணாம்பாள் போட்டாள். அதுவும் என் பேத்தி இளவேனிலுக்கு! விழிதியூரில் அவளைப் போல நேரான பிள்ளை கிடையாது. கோளாறு ஒன்றே ஒன்றுதான்: ஓடினால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும்.

தாயை இழந்த நாள் முதல் என் கைச்சோற்றில் வளர்ந்தவள். பள்ளிக்கூடத்து ஓட்டத்தில் பையன்களையே முந்தியவள். படிப்பு முடிந்ததும் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, தினமும் விடிந்ததும் வாய்க்கால் கரையில் ஓடினாள். எங்கள் வீட்டில் யாரும் வெறும் வயிற்றோடு வாசல் தாண்டுவதில்லை. ஆகவே ஒரு வட்டில் பழைய சோறு, சுண்டவைத்த மீன்குழம்பு, மேலே ஒரு செம்பு நீராகாரம். சாப்பிட்ட கையோடு ஓடுவாள். மதகுப் பக்கம் போனதும் உட்கார்ந்துவிடுவாள்.

ஓடப் பழக்கிய புகழேந்தி, ஓய்வுபெற்ற போலீஸ்காரர், வீடு தேடி வந்தார்.

“பெரியம்மா, புள்ளய ஓட அனுப்புறீங்களா, நடவுக்கு அனுப்புறீங்களா? ரெண்டு மணி நேரம் முன்னாடி ரெண்டு வாழப்பழம், ரெண்டு மடக்குத் தண்ணி, போதும். வயிறு முட்டத் தின்னுட்டு ஓடுனா பிடிக்கத்தான் செய்யும்.”

“ஏன் தம்பி, ஒங்கம்மா ஒங்களப் பட்டினி போட்டா வளத்தாங்க?” என்று கேட்டு அனுப்பிவிட்டேன். கண்ணேறுதான் என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். தெருவே கமறியது. வலி போகவில்லை.

அதற்குள் சொர்ணாம்பாளின் பேச்சு என் மகன், அவள் அப்பன் சிவராமன் காதுக்குப் போய்விட்டது. இளவேனிலின் ஷூவை பீரோவில் வைத்துப் பூட்டினான்.

“ஓடுனது போதும். பொண்ணு கேட்டு வந்த போலகத்து மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிடுறேன்.”

ஓட்டத் தேர்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பிள்ளை அழவில்லை. சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் சொர்ணாம்பாளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அதே சோறு, அதே குழம்பு, அதே செம்பு. ஓசிச் சோறென்றால் அவள் வஞ்சனை பண்ணமாட்டாள். கை கழுவி முடிக்கவும், “ஏடி, ஒன் ஆடு உளுந்து வயல்ல நிக்கிது!” என்று கத்தினேன். விழுந்தடித்து ஓடினாள். மதகு வரை கூடப் போகவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்தாள். சிவராமனைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன்.

“எத்தன மாசம் சொர்ணாம்பா?”

“அறுவது வயசுக்காரியக் கேக்குற கேள்வியாக்கா இது? தின்ன ஒடனே ஓடுனா பிடிக்காதா?”

“அத என் மவன்கிட்ட சொல்லு.”

சிவராமன் திரும்பி நடந்தான். வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்தான்.

புகழேந்தி சொன்னது சரி என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. குழம்பில் புளி தூக்கலாக இருந்திருக்கும்.

தேர்வு நாளன்று இரண்டு பழத்தைத் தின்றுவிட்டு, நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது என் கையைப் பார்த்தாள். செம்பு இருந்தது.

“அப்பாயி, வேணாம்.”

“ஒனக்குன்னு யாரு சொன்னா? போய்ட்டு வா.”

வாசல் தாண்டி நடந்தாள். எதிரே நின்ற சொர்ணாம்பாள் விலகி வழிவிட்டாள். என் பேத்தி இரண்டு கையையும் நன்றாக வீசிக்கொண்டு போனாள்.