நோபுயேயின் மேல்கை சர்வீஸ்

நாற்பத்தெட்டு வயதில் நோபுயேயின் வலது தோள் இறுகிப்போனது. கை காதுக்கு மேல் எழவில்லை. பள்ளிச் சமையற்கூடத்தில் பெரிய அண்டாவில் மிசோ சூப் கிண்டும் வேலை அவளுக்கு, இடக்கையால் கிண்டினாள். கொடியில் துணி போடக்கூடக் கணவர் வர வேண்டியிருந்தது. எங்கள் துறைமுக ஊரின் அம்மாமார் வாலிபால் குழுவில் அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்குப் பெஞ்சுதான். ஆனால் அவள் உட்கார்ந்திருக்கிற பெண்ணா? பந்து பொறுக்குவாள். நாங்கள் ஆடும் பள்ளி ஜிம்மின் ஜன்னலைத் திறப்பாள். வெளியே பனி கொட்டுகிறது என்று நாங்கள் கத்தினால் மூடுவாள். மூடிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போவாள்.

செர்ரிப் பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்தபோது தோளின் இறுக்கம் விட்டது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து கிண்ணத்தை எடுத்த பிறகுதான், எந்தக் கையால் எடுத்தோம் என்று பார்த்தாளாம். அன்று மாலை பயிற்சிக்கு வந்தவள், காலணியைக்கூட மாற்றாமல் வாசலில் நின்றபடியே, "இனிமே நான் மேல்கை சர்வீஸ்தான் போடப் போறேன்" என்றாள்.

கேப்டன் தகாகோ தபால் நிலையக் கவுண்டரில் இருப்பவள். எதையும் முத்திரை குத்துகிற மாதிரி முடித்துவிடுவாள். "வேண்டாம் நோபுயேசான். உங்க கீழ்கை சர்வீஸ் எப்பவும் தப்பாது. அது போதும்."

"போதும்னு இவ யாரு சொல்றதுக்கு?" என்று என் காதில் முணுமுணுத்துக்கொண்டே நோபுயே பந்தை எடுத்துக்கொண்டு சர்வீஸ் கோட்டுக்குப் போனாள்.

முதல் பந்து வலைக்கே போய்ச் சேரவில்லை. இரண்டாவது கூரை விளக்குக் கம்பியில் மோதியது. மூன்றாவது தகாகோவின் பின்னந்தலையில். எல்லோரும் தரையில் குந்திச் சிரித்தோம். தகாகோ மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க அவசரப்படறீங்க. பந்து கீழ வர்றவரைக்கும் பொறுங்க" என்றாள் தலையைத் தடவிக்கொண்டு. நானும் அதையே சொன்னேன். வீட்டில் அவள் கணவரும் அதைத்தான் சொன்னாராம். நோபுயேவும் முயன்றாள். பந்தை உயரப் போட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள்; பாதி வழியிலேயே கை பாய்ந்துவிடும். பந்து எங்கோ, கை எங்கோ. சமையற்கூடத்துப் பின்சுவரில் தினமும் மதியம் அடித்துப் பார்த்தாள். ஆசிரியர் அறையிலிருந்து ஆள் வந்து நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. மழைக்காலம் வந்தது. ஒன்றும் சரியாகவில்லை.

எங்கள் குழுவில் இளையவள் ஹோனோகா. கைக்குழந்தைக்காரி, குழந்தையைப் பாயில் படுக்கவைத்துவிட்டு ஆடுவாள். அவள்தான் ஒருநாள் கேட்டாள், "நோபுயேசான், பொறுக்க முடியலேன்னா எதுக்கு இவ்ளோ உயரமா போடறீங்க? கொஞ்சமா தூக்கி உடனே அடிங்களேன்."

நோபுயே அவளை முறைத்தாள். பிறகு பந்தை நெற்றிக்குச் சற்று மேலே தூக்கி, கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடுகிற வேகத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். பந்து சுழலவே இல்லை. வலையைத் தாண்டி, காற்றில் தள்ளாடி, அப்படியே விழுந்தது.

"ஐயோ, இன்னொண்ணு குடு" என்றாள். அன்றைக்கு ஒருத்தராலும் பந்தைத் தொட முடியவில்லை.

இலையுதிர்காலப் போட்டியில் முதல் ஆட்டமே பக்கத்து ஊர்க்காரிகளோடு. கடைசி செட்டில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். அவர்களுக்கு இன்னொன்று கிடைத்தால் முடிந்தது. சர்வீஸ் நோபுயேயுடையது. எங்கள் ஒன்பது பேர் ஆட்டத்தில் முதல் சர்வீஸ் தப்பினால் இன்னொன்று போடலாம். பதற்றத்தில் பந்தை உயரப் போட்டுவிட்டாள். வலையில் மோதியது.

தகாகோ திரும்பி, கையைக் கீழே வீசிக் காட்டினாள். எதிர்ப்பக்கத்தில் ஒருத்தி, "கீழ்கைதான் வரும், முன்னாடி வாங்கடி" என்றாள்.

நான் நோபுயேயின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் மூச்சு கேட்டது. பந்து நெற்றியளவுதான் எழும்பியது. தட்டிவிட்டாள். முன்னே வந்த இருவரும் பின்னே ஓடினார்கள். பந்து அவர்களுக்கு நடுவில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததை எடுத்தவள் நேரே எங்கள் வலையோரத்துக்கே அனுப்ப, தகாகோ அறைந்து ஆட்டத்தை முடித்தாள்.

"கையக் கீழன்னு காட்டினேன்ல?"

"பாத்தேன்."

"பின்ன?"

"அதுக்குள்ள அடிச்சிட்டேன்."

மதியம் அடுத்த ஆட்டத்தில் மோசமாகத் தோற்றோம். நோபுயேயின் சர்வீஸ் இரண்டு முறை வெளியே போனது. வேனை நான் ஓட்டினேன். பின்னால் எல்லோரும் தூங்க, நோபுயே மட்டும் முன்சீட்டில் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"தகாகோசான், ஜிம் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

தகாகோ கண்ணைத் திறக்கவில்லை. அப்படியே என்னிடம், "பள்ளிக்கூடத்துப் பக்கம் விடு" என்றாள்.