ஒரே சந்தாவில் இரண்டு பேர்

எங்கள் வீட்டில் பாட்டு கேட்பதற்கு ஒரே ஒரு சந்தாதான். குடும்பத்துக்கு என்று தனியாக ஒன்று உண்டு. அதைக் கட்டினால் அவரவர் பாட்டை அவரவர் நிம்மதியாகக் கேட்கலாம். என் கணவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாட்டு கேட்டா வீட்டு வேலையை யார் பாக்கறது?" என்று கேட்டார். வீட்டு வேலையை இவர்தான் பார்க்கிறார் என்பது மாதிரி.

ஒரு ஆள் சந்தாவை இரண்டு பேர் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது வைத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். நான் என் போனில் ஒரு பாட்டைப் போட்டால், அவர் போனில் ஓடிக்கொண்டிருப்பது நின்றுவிடும். அவர் போட்டால் என்னுடையது நிற்கும். நின்றதோடு விடாது. இப்போது எந்தப் போனில் பாடுகிறது, என்ன பாட்டு பாடுகிறது என்று திரையில் எழுதியும் காட்டும். ஆரம்பத்தில் தினமும் சண்டை. பிறகு தானாக ஒரு ஏற்பாடு அமைந்தது. நான் பெங்களூர் பீன்யாவில் ஒரு வால்வு தயாரிக்கும் தொழிற்சாலையில் டிஸ்பேட்ச் பிரிவில் இருக்கிறேன். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கும். அவருக்கு ரிங் ரோட்டில் ஆபீஸ், பகல் முழுக்க மீட்டிங். அதனால் பகல் எனக்கு, சாயங்காலம் ஆபீஸ் காரில் வீடு திரும்பும் நேரம் அவருக்கு.

அவர் வேலை பார்த்தது கம்ப்யூட்டர் செய்யும் ஒரு கம்பெனியில். பெயர் வேண்டாம். கல்யாணமான புதிதில் சேர்ந்தவர், அதிலேயே இருந்தார். 'ஆபீஸ்' என்று சொல்லவே மாட்டார், 'நம்ம கம்பெனி' என்பார். வீட்டில் லேப்டாப், அதை வைக்கும் பை, குடை, சுவர்க் கடிகாரம், நான் கீரை ஆய விரித்துக்கொள்ளும் துண்டு வரைக்கும் அந்தக் கம்பெனியின் முத்திரைதான். வேலூரில் உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போகும்போது யாராவது போட்டிக் கம்பெனியின் லேப்டாப்பைத் திறந்தால், காபி டம்ளரை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார். "பாக்க பளபளன்னு இருக்கும், உள்ள ஒண்ணும் கிடையாது" என்பார். என் தம்பி அதில் ஒன்றை வாங்கியபோது, துக்கம் விசாரிக்கிற குரலில் அவனிடம் போனில் பேசினார்.

அந்தக் கம்பெனி லேப்டாப்பில் பாட்டைச் சேர்த்துவைக்க ஒரு மென்பொருள் கூடவே வந்தது. எங்களிடம் இருந்த சிடிகளையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அதில் ஏற்றினார். ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர், பாடியவர், எல்லாம் அவரே தட்டச்சு செய்தார். ஒருநாள் ஏதோ அப்டேட் வந்தது. மறுநாள் பார்த்தால் பெயர்கள் எல்லாம் போய், டிராக் ஒன்று, டிராக் இரண்டு என்று ஆயிரக்கணக்கில் நின்றன. நான் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள், கன்னடக் கவிதைகளை மெட்டுப் போட்டுப் பாடுகிற பாவகீதைகள் என்றால் உயிர். அவருடைய பழைய தமிழ்ப் பாட்டுகளுக்கு நடுவில் என் பாவகீதைகள் எங்கே போய் ஒளிந்தன என்றே தெரியவில்லை. "உங்க கம்பெனி என் பாட்டையெல்லாம் முழுங்கிடுச்சு" என்றேன். "யூசர் மிஸ்டேக்" என்றார். அவரைப் பொறுத்தவரை எந்த மென்பொருளும் தப்பு செய்யாது. லேப்டாப் நத்தை மாதிரி நகர்கிறது என்றால், "நீ எத்தனை டேப் தொறந்து வச்சிருக்க?" என்பார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

போன வருஷம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வேலைநாள் காலை. ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். காதில் பாட்டு நின்றது. திரையில் அவர் போன் பெயர். பாக்கெட்டில் எதையோ அழுத்திவிட்டார் போலிருக்கிறது என்று என்னுடையதைத் திரும்பப் போட்டேன். ஒரு சரணம்கூட முடியவில்லை, மறுபடி நின்றது. விடுவேனா, பிடுங்கினேன். அவர் பிடுங்கினார். கடைசியில் போன் செய்தேன்.

"மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்றார். பின்னால் ஏதோ குழந்தை பந்தைக் கேட்டுக் கத்தியது. யாரோ குழந்தையை ஆபீசுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். சாயங்காலம் அவரிடம் புகார் சொன்னேன். "மீட்டிங்ல இருக்கறப்ப உங்க போன்ல பாட்டு ஓடுதுன்னு காட்டுது. இந்த ஆப்புக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு." யூசர் மிஸ்டேக் என்று வரும், நாலு வார்த்தை சூடாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தயாராக நின்றேன். அவர், "அப்படியா, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

நானே ஆப்பின் உதவிப் பகுதியில் எழுதிக் கேட்டேன். மனிதர் யாரும் இல்லை, ஒரு இயந்திரம் உடனே பதில் சொன்னது. உங்கள் கணக்கை வேறொருவர் பயன்படுத்துவது போலத் தெரிகிறது, இந்தப் போன் உங்களுக்குத் தெரியாதது என்றால் கீழே உள்ள பொத்தானை அழுத்தி வெளியேற்றிவிடுங்கள் என்றது. வீட்டுக்காரரை வெளியேற்ற ஒரு பொத்தான் கொடுக்கிறார்களே என்று அன்றைக்குச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரியிடமும் காட்டினேன். அவளும் சிரித்தாள்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் மகள் ஒரு பேச்சை எடுத்தாள். கல்லூரியில் டிசைன் படிக்கிறாள். வீட்டு லேப்டாப் அவள் வேலைக்குப் போதவில்லை. அவள் கேட்க நினைத்தது போட்டிக் கம்பெனி லேப்டாப். இரண்டு நாளாக என்னிடம் வந்து, "ம்மா, நான் கேக்கறப்ப நீ பக்கத்துல இரு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை டிபன் நேரத்தில் கேட்டாள். அவர் உப்புமாவில் கறிவேப்பிலையைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கிக்கோ" என்றார். "எதுவா இருந்தா என்ன. எல்லாம் ஒண்ணுதான்."

அவள் துள்ளிக் குதித்து உடனே சிநேகிதிக்குப் போன் செய்யப் போனாள். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது நாற்காலியில் அவருடைய பை இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. வாரைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான். நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை. ஆபீஸ் லேப்டாப்பின் கனம் இல்லை. இருந்த மாதிரியே வாரை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தேன். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியவில்லை, சாதம் குழைந்துபோனது. குளித்துவிட்டு வந்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, வழக்கமான நேரத்துக்குப் பையோடு கிளம்பினார். "வரேன்" என்றார். "சரிங்க" என்றேன்.

எங்கள் அடுக்ககத்திலேயே இரண்டு வீடுகளில் அப்படி ஆகியிருந்தது. ஒரே மெயிலில் வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார்கள் என்று லிஃப்டில் பேசிக்கொள்வோம். பாவம் என்று சொல்லிவிட்டு அவரவர் மாடியில் இறங்கிக்கொள்வோம்.

எப்படிக் கேட்பது? எங்கள் தொழிற்சாலை வேனில் பீன்யா போய்ச் சேரும்வரை தினமும் ஒத்திகை பார்த்தேன். எப்படிக் கேட்டாலும் போலீஸ்காரர் விசாரிப்பது போல இருந்தது. கேட்டு, அவர் பொய் சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? உண்மையைச் சொல்லிவிட்டால்? 'நம்ம கம்பெனி' தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதை அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் பகலில் பாட்டு போடுவதை விட்டேன். நான் போட்டால் அவருடையது நின்றுவிடும். எங்கேயோ தனியாக உட்கார்ந்திருக்கிற மனிதரிடமிருந்து இத்தனை நாள் பாட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தேனே என்று நினைத்தபோது அழுகை வந்தது. யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருக்க, பாட்டு இல்லாமலேயே காதில் இயர்போனை மாட்டிக்கொண்டேன். அவ்வப்போது திரையைப் பார்ப்பேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தது என் பாவகீதைகள். 'ஒரே அழுகை' என்று கேலி செய்து, ஒன்றைக்கூட முழுதாகக் கேட்காதவர். நான் சேர்த்துவைத்திருந்த வரிசைப்படி, ஒன்று முடிந்து ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நிற்கும். பிறகு தொடரும்.

ஒருநாள் நடுப்பாட்டில் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் வெளியே மழை. எங்கள் ஷெட்டின் தகரக் கூரையில் அடித்த சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. குடை பையில் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கே ஒதுங்கியிருப்பார்? யார் கடை வாசலில்? மறுபடி பாட்டு ஆரம்பிக்கும்வரை என்னால் ஒரு பில்லைக்கூட ஒழுங்காக அடிக்க முடியவில்லை.

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு, தான் கேட்பது என் திரையில் தெரியும் என்பது தெரியாமலா இருக்கும்? இதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஒருவேளை தெரிந்தேதான் போட்டாரோ என்னவோ. இன்றுவரை நான் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் ஆப்பைத் திறந்தால் சோப்பு விளம்பரம் பாடியது. சந்தா முடிந்துவிட்டது, இனிமேல் இலவசம்தான், நடுநடுவே விளம்பரம் வரும் என்றது. எந்தப் போனில் என்ன பாடுகிறது என்று காட்டுகிற இடம் காலியாக இருந்தது. அன்று முழுக்க அவர் எங்கே இருந்தார், சாப்பிட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலை அடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "பாட்டு ஆப்ல விளம்பரமா வருதே, என்னாச்சு?"

"நான்தான் நிறுத்திட்டேன். மோசமான ஆப்" என்றார்.

எந்த மென்பொருளையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. மகளும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்தனை வருஷமா கூடவே இருக்கோம். முன்னாடி ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? காலையில தொறந்தா பாஸ்வேர்டை எடுத்துக்க மாட்டேங்குது. உள்ளயே விடல. யாருக்குப் போன் பண்ணாலும் எடுக்கல."

நிறுத்தியது இவர். ஆனால் பேச்சு வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. மகளுக்குப் புரியவில்லை. "விடுங்கப்பா, வேற ஆப் ஃப்ரீயாவே கிடைக்குது" என்றாள்.

"ரொம்ப மோசமான ஆப்தான்" என்றேன் நான். "நன்றி கெட்ட ஆப். நாசமாப் போகட்டும்." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் அந்த ஆப்பின் தலையில் கொட்டினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"பத்து நிமிஷம்கூடக் குடுக்கல. ஐடி கார்டைக் கழட்டி வாங்கிக்கிட்டாங்க. கேட் வரைக்கும் செக்யூரிட்டி கூடவே வந்தான். தினம் எனக்கு குட் மார்னிங் சொல்றவன்."

அவர் கை ரசம் சாதத்தில் அப்படியே இருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "எனக்கு லேப்டாப் வேணாம்ப்பா. இருக்கறதே போதும்" என்றாள்.

"அது வேற, இது வேற" என்று அதட்டினார். அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேனில் ஒத்திகை பார்த்த கேள்விகளில் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை. "பகல்ல எங்க உக்காந்திருப்பீங்க?" என்றுதான் கேட்டேன்.

"கப்பன் பார்க்ல. லைப்ரரிக்குப் பின்னால."

"தனியாவா?"

"பக்கத்து பெஞ்ச்ல ஒருத்தர் வரார். என் வயசுதான் இருக்கும். அவரும் பை வச்சிருக்கார்." போட்டிக் கம்பெனியின் பெயரைச் சொன்னார். "அவங்க குடுக்கற பை. அங்கயும் அனுப்பறாங்க போல."

"பேசினீங்களா?"

"என்னன்னு பேசறது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்றுதான் நினைத்தேன், அழுகையாகிவிட்டது. அவர் என்னை அழாதே என்று சொல்லவில்லை. கையில் ரசம் காய்ந்துபோகும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு வீட்லயே இருங்க" என்றேன், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"இருந்து என்ன பண்ணட்டும்? சொல்லு" என்றார். கோபத்தில் கேட்கவில்லை. எனக்கு ஏதாவது தெரிந்திருக்கும், சொன்னால் செய்யலாம் என்பது போல என் முகத்தையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு வழி கேட்டது அதுதான் முதல் தடவை.

காலையில் குளித்தார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். நான் டப்பா கட்டினேன். கட்டி முடித்துவிட்டு மறுபடி திறந்து, இன்னும் இரண்டு சப்பாத்தி வைத்தேன்.

"பக்கத்து பெஞ்ச்காரருக்கும் சேத்து வச்சிருக்கேன்" என்றேன்.

டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, "வரேன்" என்று வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினார்.